ஆடிக்கு முந்திய தேதி

போடிநாயக்கனூர்
6-6-1983, திங்கட்கிழமை

செல்வ மகள் அன்னக்கொடிக்குத் தகப்பன் தவசி எழுதியது.

இங்கே நானும் உன் அம்மா குருவம்மாளும் சுகமாக இருக்கிறோம். வெள்ளிக்கிழமை பார்த்தபோது எனக்கு இரத்த அழுத்தம் 150/90. அது எனக்குப் பழகிய அளவுதான், கவலைப்பட வேண்டாம். அங்கே உன் சுகத்தையும், என் தங்கை செல்லத்தாய், மாப்பிள்ளை சின்னச்சாமி ஆகியோர் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

நீ ஜூன் முதல் தேதி மலை ஏறினாய். ஐந்து நாட்கள் ஆகியும் ஒரு கார்டு கூட வரவில்லை. மலையில் மழை பிடித்துவிட்டது என்று ஜீப் ஓட்டும் அபுபக்கர் சொன்னார். இருந்தாலும் மழை கார்டு எழுதுவதைத் தடுக்காது.

உன் முழங்கால் விவரத்தை மறுபடி ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நீளம் தாண்டும்போது மூட்டு நார் அறுந்தது 23-1-1983, ஞாயிறு. மதுரையில் அறுவை செய்து நாரைத் தைத்தது 14-2-1983. மாவுக்கட்டுப் பிரித்தது 28-3-1983. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கான தேர்வு 12-9-1983 அன்று மதுரையில் நடக்கிறது. அதில் நீளம் தாண்டிக் காட்டாமல் யாரையும் எடுக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு உனக்கு வயது வரம்பு கடந்துவிடும். ஆகவே உனக்கு இருப்பது இந்த ஒரு தேர்வுதான்.

குதிக்கும் பயிற்சியை எந்தக் கிழமை தொடங்குவது, எந்த வாரம் எவ்வளவு என்பதை எல்லாம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கும் மதீனா அம்மாள் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறார். தாள் கசங்கியிருக்கிறது. எழுத்தும் கோழி கிளறியது போல இருக்கிறது. நான் சுத்தமாக நகல் எடுத்து உரிய காலத்தில் அனுப்புகிறேன். அதுவரை நடை, படி ஏறுதல், உட்கார்ந்து எழுதல் மட்டும். ஒரு அங்குல உயரம் கூடக் குதிக்கக் கூடாது.

போடியில் வைத்துப் பயிற்சி செய்திருந்தால் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்திருக்கும். அதனால்தான் உன்னை மலைக்கு அனுப்பினேன். இதை மனதில் வை.

உன் நலம் நாடும் தகப்பன்,
ஓ. தவசி


ஏலத்தோட்டம், போடிமெட்டு வழி
13-6-1983

அன்புள்ள அப்பாவுக்கு அன்னக்கொடி வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். அத்தையும் மாமாவும் சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் சுகம்தானே. கார்டு எழுதாதது என் தவறு. எழுதி வைத்த கார்டை மாமா சட்டைப் பையிலேயே வைத்து மழையில் நனைத்துவிட்டார். "மருமகளே, எழுத்தெல்லாம் மையாப் போச்சு, வேற எழுது" என்று சிரிக்கிறார்.

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. காய் எடுப்பு ஆவணியில்தானாம். அந்தத் தரையில் நாளும் நூறு தடவை உட்கார்ந்து எழுகிறேன். தோட்டத்தில் களை எடுக்கும் மூக்கம்மாள் அக்கா மழைக்கு ஒதுங்கி வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு பெரிய தப்புப் பண்ணிட்ட, தோப்புக்கரணம் தீரவே மாட்டேங்குது" என்றாள். இப்போது எல்லாரும் என்னைத் தோப்புக்கரணம் என்றே கூப்பிடுகிறார்கள்.

கால் மெலிந்துதான் இருக்கிறது. அத்தை நூல் வைத்து இரண்டு தொடையையும் அளந்தாள். அறுத்த கால் இரண்டு விரல் குறைவு. "சாப்பாட்ட அந்தக் காலுக்கு மட்டும் அனுப்ப வழி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

ஒன்று மட்டும் எழுதுங்கள் அப்பா. குதிக்கத் தொடங்கும் தேதி எது? அது தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும். மதீனா அக்கா என்ன தேதி எழுதினாரோ அந்தத் தேதிக்காகத்தான் நான் காலையில் எழுகிறேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
27-6-1983, திங்கட்கிழமை

மதுரை ஆஸ்பத்திரி உடற்பயிற்சிப் பிரிவு மதீனா அம்மாள் அவர்களுக்கு, போடிநாயக்கனூர் ஓ. தவசி, பத்திரப் பதிவு அலுவலகத் தலைமை எழுத்தர் (ஓய்வு), பணிவுடன் எழுதுவது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமென நம்புகிறேன். நோன்பு நாட்களில் தங்களைத் தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன்.

என் மகள் அன்னக்கொடிக்குத் தாங்கள் எழுதிக் கொடுத்த தாளில், இரு கால்களாலும் குதிக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டிய நாள் 1-8-1983 என்று இருக்கிறது. அது ஆடி மாதம் பதினாறாம் தேதி. எங்கள் வழக்கப்படி ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. ஆடி கழியட்டும் என்று ஆவணி முதல் தேதிவரை காத்திருந்தால் தேர்வுக்கு இருபத்தாறு நாட்களே மிஞ்சும். தாங்கள் எழுதிய பயிற்சியோ ஆறு வாரம்.

ஆகவே ஆடி பிறப்பதற்கு முன்பாக, ஆனி 30, அதாவது 14-7-1983, வளர்பிறை வியாழக்கிழமை தொடங்கலாம் என்று கருதுகிறேன். தாங்கள் குறித்த தேதிக்குப் பதினெட்டு நாட்கள் முன்பு. பெண் நன்றாக நடக்கிறாள், படி ஏறுகிறாள், வலி இல்லை.

இதில் தங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் ஜூலை 11-ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுதவும். அந்தத் தேதிக்குள் பதில் வராவிடில் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் என் அலுவலகத்தில் நாங்கள் பின்பற்றிய முறை இதுவே.

தங்கள் உண்மையுள்ள,
ஓ. தவசி


போடிநாயக்கனூர்
12-7-1983, செவ்வாய்க்கிழமை

செல்வ மகள் அன்னக்கொடிக்குத் தகப்பன் எழுதியது.

இங்கு சுகம். உன் அம்மாவுக்கு மூன்று நாட்களாகச் சளி, கஷாயத்தில் இருக்கிறாள். அங்குள்ளோர் சுகத்துக்கு எழுது.

நீ கேட்ட தேதி வந்துவிட்டது. குதிக்கும் பயிற்சி 14-7-1983, வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்கு மேல் தொடங்க வேண்டியது. தபாலில் போட்டால் நாள் தவறும் என்பதால் அபுபக்கர் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

மதீனா அம்மாளின் தாளை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம், நின்ற இடத்தில் இரு கால்களாலும் குதித்தல், ஒரு வேளைக்குப் பத்து. ஜூலை 28 முதல் அரையடி உயரப் பலகையிலிருந்து கீழே குதித்தல். அதன்பின் ஒற்றைக் கால். தரையில் இறங்கும்போது ஓசை கேட்கக் கூடாது. இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. இவை அவருடைய வாக்கியங்களே, நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

தேதிகளை அப்படியே கடைப்பிடி. ஒரு நாள் முன்னும் வேண்டாம், ஒரு நாள் பின்னும் வேண்டாம்.

ஆசீர்வாதத்துடன்,
ஓ. தவசி


ஏலத்தோட்டம்
15-7-1983

அன்புள்ள அப்பாவுக்கு அன்னக்கொடி எழுதுவது.

எல்லோரும் சுகம். அம்மாவின் சளி விட்டுவிட்டதா? மலையிலிருந்து நல்ல தேன் அனுப்புகிறாள் அத்தை. கஷாயத்துக்குப் பிறகு கொடுங்கள்.

நேற்றுக் காலை குதித்தேன் அப்பா.

ஸ்டோர் தரையில் நாலு சாக்கை மடித்துப் போட்டோம். மணி ஏழரை ஆகும்வரை மாமா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்து சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதமாகத் தரையை விட்டுக் கால் எழும்பவில்லையே. "என்னடி, தாலி கட்டப் போறவ மாதிரி நிக்குற" என்றாள் அத்தை. அந்தச் சிரிப்பிலேயே குதித்துவிட்டேன்.

நாலு விரல் உயரம் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் இறங்கின, ஓசை கேட்கவில்லை. அத்தை எண்ணினாள். ஏழுக்குப் பிறகு மறுபடி ஏழு என்றாள். ஆகப் பதினொன்று குதித்திருப்பேன். அந்த ஒன்றை மன்னித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் மூக்கம்மாள் அக்கா நின்றாள். "தோப்புக்கரணம் முடிஞ்சு தவக்கா வெளயாட்டு வந்திருச்சு. ஏத்தா, தவக்கா கூட முட்டிய மடக்கித்தான் தாவுது, நீ ஏன் வெறச்சுக்கிட்டு தாவுற" என்றாள். அவள் சொன்னது சரி. நான் பயத்தில் விறைத்திருந்தேன். அடுத்த தடவை முட்டியைத் தளர்த்திக் குதித்தேன்.

சாயங்காலம் மூட்டு கொஞ்சம் சூடாக இருந்தது. காலையில் சரியாகிவிட்டது. மதீனா அக்கா போட்ட தேதி சரியான தேதிதான். ஒரு வாரம் முந்தியிருந்தால் இந்தத் தைரியம் வந்திருக்காது.

உங்கள் மகள்,
அன்னக்கொடி


மதுரை
19-7-1983

மரியாதைக்குரிய தவசி ஐயா அவர்களுக்கு மதீனா எழுதுவது.

நீங்களும் அன்னக்கொடியும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊருக்கு, கம்பத்துக்குப் போயிருந்தேன். ஜூன் 26-ஆம் தேதி கிளம்பியவள் நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பினேன். உங்கள் கடிதம் பிரிக்கப்படாமல் என் மேசையில் இருந்தது.

ஐயா, வேண்டாம். தொடங்கியிருந்தால் இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். ஆகஸ்டு 1 என்பது நான் விரும்பிப் போட்ட தேதி இல்லை. தைத்த நார் உள்ளே இறுகிப் பிடிக்க இருபத்து நாலு வாரம் என்று டாக்டர் கணக்குப் பார்த்துச் சொன்னது. வலி இல்லை, நடக்கிறாள் என்பதை வைத்து உள்ளே இறுகிவிட்டது என்று சொல்ல முடியாது. வலி இல்லாத இந்த நாட்கள்தான் அதிக ஆபத்து, நோயாளிக்குத் துணிச்சல் வந்துவிடும்.

அன்னக்கொடியிடம் காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். காரணம் தெரிந்தால் அவள் கேட்பாள். கெட்டிக்காரப் பெண்.

அன்புடன்,
மதீனா


போடிநாயக்கனூர்
21-7-1983, வியாழக்கிழமை

செல்வ மகள் அன்னக்கொடிக்குத் தகப்பன் எழுதியது.

இங்கு சுகம். உன் அம்மாவின் சளி தேனால் குணமானது. அங்கு எல்லோரும் சுகமென நம்புகிறேன். எனக்கு இரத்த அழுத்தம் இன்று காலை 170/100. வெயில் காரணமாக இருக்கலாம்.

நீ குதித்த செய்தி கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு விஷயம். ஆடி பிறந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. ஆடியில் இவ்வளவு கடுமையான பயிற்சி வேண்டாமே என்று உன் அம்மா மனம் சஞ்சலப்படுகிறாள். பெற்றவள் மனம் அப்படித்தான் இருக்கும். ஆகவே நீ இந்தக் கடிதம் கண்டவுடன் குதிப்பதை நிறுத்தி, ஆகஸ்டு முதல் தேதி மறுபடி தொடர்ந்தால் அவளுக்கு நிம்மதி. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

வேறு விசேஷம் இல்லை. குடையை மறக்காமல் எடுத்துப் போ. மலையில் அட்டை அதிகம் என்று கேள்விப்படுகிறேன், காலில் சுண்ணாம்பு தடவிக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
ஓ. தவசி


ஏலத்தோட்டம்
28-7-1983, வியாழன், மத்தியானம்

அண்ணனுக்குத் தங்கச்சி செல்லத்தாயி சொல்ல, எங்க வீட்டுக்காரவுக எழுதுறது. சுகம் விசாரிக்க இப்ப நேரம் இல்லண்ணே, கோவிச்சுக்கிராதீக.

அன்னக்கொடி விழுந்துட்டா. இன்னைக்குக் காலையில அரையடிப் பலகையில இருந்து குதிக்கணும்னு நீங்க எழுதின தேதி. ரெண்டு தடவ நல்லாத்தான் குதிச்சா. மூணாவது குதிக்கையில படக்குனு ஒரு சத்தம், எனக்கே கேட்டுச்சு. கொப்பு ஒடிஞ்ச மாதிரி. புள்ள கத்தல. முட்டியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. கொஞ்ச நேரத்துல முட்டி தேங்கா மாதிரி வீங்கிருச்சு.

உங்க கடுதாசி சனிக்கிழமையே வந்திருச்சு. நான் சொன்னேன், "ஆத்தா, உங்கப்பா நிறுத்தச் சொல்லிருக்காக, நாலு நாளு சும்மா இரு"ன்னு. அவ சிரிச்சா. "அத்தை, இது அப்பா பேச்சு இல்ல, அம்மா பேச்சு. ஆடியில ஆரம்பிச்சாத்தான தோஷம், நான் ஆனியிலயே ஆரம்பிச்சாச்சு. ஆடிக்கு இங்க என்ன சோலி? அதோட ஆகஸ்டு ஒண்ணுலயும் ஆடிதான இருக்கு, பாதி ஆடி கெடுதல், பாதி ஆடி நல்லதா? தேதிய மாத்துனா மதீனா அக்காவே மாத்தணும்"னு சொல்லிட்டா. எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு, சும்மா இருந்துட்டேன்.

அபுபக்கர் ஜீப்பு இப்ப லோடு எறக்கிட்டு நிக்குது. இந்தக் கடுதாசிய முந்திப் போற லாரியில கொடுத்து விடுறோம். பின்னாலயே ஜீப்புல பிள்ளையக் கொண்டாறோம். வெரசா மதுரைக்குப் போகணும், சட்டயப் போட்டுக்கிட்டு ரெடியா இருங்க. மதினிகிட்ட பக்குவமாச் சொல்லுங்க.

செல்லத்தாயி


ஏலத்தோட்டம்
3-10-1983

அன்புள்ள அப்பாவுக்கு அன்னக்கொடி வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். அத்தை, மாமா சுகம். உங்களுக்கு மதுரையில் வந்த மயக்கம் மறுபடி வரவில்லையே? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு வாரம் பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது மாவுக்கட்டைச் செப்டம்பர் 10 அன்று பிரித்ததும் போடிக்கு வராமல் மலைக்கே வந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு வருத்தம் இருக்கும். போடி வீட்டுச் சுவரில் நான் கோப்பையோடு நிற்கும் படம் இருக்கிறது. அதன் கீழே கம்போடு உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 12 அன்று இங்கே முதல் காய் எடுப்பு. ஸ்டோர் முழுக்கப் பச்சைக் காய் கொட்டிவிட்டார்கள். நான் குதித்த இடத்திலும் கொட்டினார்கள். அடுப்பு மூட்டினார்கள். அன்று காலை பத்து மணிக்கு மதுரையில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லையா? நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்கம்மாள் அக்காவோடு காயில் காம்பு கிள்ளினேன். அன்றைக்கு அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் பலமுறை சொல்ல நினைத்தேன். நீங்கள் நிறுத்தச் சொல்லி எழுதினீர்கள். நான் கேட்கவில்லை. அம்மாவின் பயம் என்று சிரித்தேன். ஒன்பது நாள் அடங்கி இருந்திருந்தால் என் கால் என்னோடு இருந்திருக்கும். மதீனா அக்கா கூட என்னை ஒன்றும் கேட்கவில்லை. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் இப்படிச் செய்துவிட்டாளே என்று நினைத்திருப்பார்.

என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள் மகள்,
அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
8-10-1983, சனிக்கிழமை

செல்வ மகள் அன்னக்கொடிக்குத் தகப்பன் எழுதியது.

இங்கு சுகம். அங்கு சுகத்தை வேண்டுகிறேன். உன் 3-ஆம் தேதிக் கடிதம் 6-ஆம் தேதி கிடைத்தது.

நீ கேட்டபடி மன்னித்தேன். நடந்ததை மறுபடி மறுபடி எழுத வேண்டாம். இனிமேலாவது பெரியவர்கள் சொல்லைக் கேட்டு நடப்பாய் என்று நம்புகிறேன்.

கம்பளி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

ஓ. தவசி


போடிநாயக்கனூர்
24-1-1984, செவ்வாய்க்கிழமை

அன்னக்கொடிக்குத் தவசி எழுதுவது.

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்குள்ள சுகத்தை இம்முறை எழுதவில்லை.

பொங்கலுக்கு நீ மூன்று நாட்கள் வந்து இருந்தாய். இரண்டாம் நாள் மத்தியானம் உன் பெரியம்மா ஒச்சம்மாள் எல்லோர் முன்பும், "ஏ தாயி, பெத்த தகப்பன் கடுதாசி போட்டு நிறுத்துன்னா நிறுத்தணும்ல. பேச்சக் கேட்டா ஏன் இப்படி நொண்டிக்கிட்டுத் திரியப் போற" என்றாள். நீ கையில் குழம்புச் சட்டியோடு நின்று, "ஆமா பெரியம்மா, என் தப்புதான்" என்றாய். எனக்கு எதிரே நின்றாய். நான் மோர் ஊற்றச் சொன்னேன். நீ ஊற்றினாய். அந்த மோரை நான் குடித்தேன்.

அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை எட்டு முறை எழுதினேன். இது ஒன்பதாவது.

மதீனா அம்மாள் எழுதிய தேதி 14-7-1983 அல்ல. அவர் எழுதியது 1-8-1983. ஜூலை 14 என்பது நான் போட்டது. ஆகஸ்டு 1 ஆடியில் வருகிறது என்பதற்காக முன்னால் இழுத்தேன். உன் அம்மா அப்போதே, "டாக்டரு சொன்ன தேதியில ஆரம்பிக்கட்டும், ஆடியாவது ஆவணியாவது" என்றாள். ஆடி பார்த்தது நான் மட்டுமே.

27-6-1983 அன்று மதீனா அம்மாளுக்கு எழுதி, ஜூலை 11-க்குள் ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வதாகச் சொன்னேன். அவர் நோன்பு விடுப்பில் இருந்தார். வராத பதிலைச் சம்மதமாக எடுத்து, உனக்கு அவருடைய தாள் என்றே எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்றும் எழுதினேன். சொல்லை மாற்றவில்லை, தேதிகளை மாற்றினேன்.

அவருடைய மறுப்பு 21-7-1983 காலை பத்தரை மணிக்கு என் கைக்கு வந்தது. உன்னிடம் காரணத்தைச் சொல்லி நிறுத்தும்படி எழுதியிருந்தார். அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான் தவறு செய்தேன் என்ற வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. உன் அம்மாவின் பேரில் பழியைப் போட்டு ஆடியைக் காரணமாக எழுதினேன். காரணம் பொய்யாக இருந்தது. அதனால்தான் நீ நம்பவில்லை. உண்மையை எழுதியிருந்தால் நீ அன்றே நிறுத்தியிருப்பாய். உனக்கு இன்னும் ஏழு நாட்கள் இருந்தன.

ஆஸ்பத்திரியில் மதீனா அம்மாள் என் முகத்தைப் பார்த்தது உன்னைக் குறைசொல்லி அல்ல. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். வராந்தாவில் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். ஆறு வாரம் உன் கட்டிலுக்குப் பத்தடி தூரத்தில் படுத்திருந்தேன். சொல்லவில்லை.

அதன்பின் நீ மன்னிப்புக் கேட்டாய். நான் மன்னித்தேன் என்று எழுதினேன். அந்த 8-10-1983 தேதியிட்ட கடிதத்தைக் கிழித்துவிடு.

ஓ. தவசி


ஏலத்தோட்டம்
9-5-1984

அப்பாவுக்கு அன்னக்கொடி எழுதுவது.

நான் சுகம். அத்தை, மாமா சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா?

உங்கள் ஜனவரி 24 கடிதம் கிடைத்தது. பிப்ரவரி 20, மார்ச் 19, ஏப்ரல் 16 தேதியிட்டவையும் கிடைத்தன. முதல் கடிதத்தை ஸ்டோர் வாசலில் நின்று படித்தேன். "என்ன ஆத்தா எழுதியிருக்காக?" என்று அத்தை கேட்டாள். சுகமாக இருக்கிறார்களாம் என்றேன். மறுநாள் அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாங்கி மாமாவைப் படிக்கச் சொன்னாள். மாமா பாதிவரை படித்துவிட்டு, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்று வைத்துவிட்டார். அத்தை உங்களுக்கு எழுதாததற்கு அதுதான் காரணம்.

தேதி தவறிப்போனதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் எனக்கு நல்லது நினைத்துத்தான் முன்னால் இழுத்தீர்கள். ஆனால் ஆகஸ்டிலிருந்து ஜனவரிவரை என் காலை நானே அறுத்தேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அந்த நாட்களை நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். அதற்கு என்ன சொல்வது என்று நாலு மாதமாக யோசித்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை.

அக்டோபர் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்க மனம் இல்லை.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா? உங்கள் பின் கடிதங்கள் மூன்றிலும் அது இல்லை. அவள் இன்னும் என்னைத்தான் சொல்லிக்கொண்டு இருப்பாள். அம்மாவிடமாவது சொல்லுங்கள். நீங்கள் அவள் பேரிலும் அல்லவா பழியை எழுதிவிட்டீர்கள்.

இங்கே காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்து பார்க்கும் வேலை. பிப்ரவரியில் நானே தனியாக மதுரை போய் மதீனா அக்காவைப் பார்த்தேன். அவர் அழுதார். பிறகு காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். தேர்வு, போட்டி எல்லாம் இனி இந்தக் காலுக்கு இல்லை, ஓடை தாண்டவும் மேடு பள்ளம் இறங்கவும் வருமளவு தேற்றலாம் என்றார். ஒரு தாள் எழுதினார். என் கையில் கொடுத்தார். என் முழங்கால் பற்றி எழுத வேண்டியதை இனி எனக்கே எழுதுவார்.

அந்தத் தாளில் குதிக்கத் தொடங்க ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியில் தொடங்கிவிட்டேன். அத்தையைக் கூட எண்ணச் சொல்லவில்லை, நானே எண்ணினேன். சாக்கு மேல், இரண்டு காலும் சேர்த்து, பத்து. ஓசை கேட்கவில்லை.

எந்தத் தேதி என்பதை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்னக்கொடி